வாக்குமூலத்தில் மஞ்சள் காமாலை

வெள்ளைக் கழுத்துப் பட்டையைக் கட்டியதும் சக்கரபாணி மூன்று விரல்களால் தொண்டையைத் தொட்டு, மெல்ல ஒருமுறை முனகிப் பார்ப்பான். விரல்களில் அதிர்வு தட்டினால்தான் கோட்டை மாட்டுவான். வக்கீலாகி எட்டு மாதம். சீனியர் கோதண்டராமன் இல்லாத நாளில் இரண்டு தடவை முனகுவான்.

1978 ஆடியில் அப்படி ஒரு நாள். "கேஸைக் கூப்பிட்டா எழுந்து வாய்தா கேளு. அவ்ளோதான்யா" என்று சொல்லிவிட்டு சீனியர் வேலூர் போயிருந்தார். கீழ்பென்னாத்தூர் வெள்ளையம்மாளின் கிணற்றுப் பங்கு வழக்கு அது. கொழுந்தன் தண்ணீரை மறித்ததில் அவளுடைய அரைக்காணி காய்ந்து கிடந்தது.

அவள் எதிரில் திணற வெட்கப்பட்டு, "நீங்க போய் டிபன் சாப்டுட்டு வாங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டான்.

டவாலி மூன்று முறை அவள் பெயரைக் கூவினார். கடைசி வரிசையில் சக்கரபாணி எழுந்தான். மனப்பாடம் செய்த இங்கிலீஷ் வாக்கியம் உதட்டுக்கு வரவில்லை. முன்சீப் நிமிர்ந்தே பார்க்காமல், யாரும் ஆஜராகவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள். அவன் நின்றபடியே இருந்தான்.

குமாஸ்தா மக்பூலுக்குச் சிரிப்பு. "ஏன் சார் முழிக்கறீங்க? மனு போட்டா திரும்ப எடுத்துக்குவாங்க. கட்சிக்காரருக்கு மஞ்சள் காமாலைனு எழுதுங்க. நம்ம கோர்ட்ல காமாலை வராத கட்சிக்காரங்களே கம்மி."

கைநாட்டு வைப்பவருக்கு வாக்குமூலத்தைப் படித்துக் காட்ட வேண்டும். வெள்ளையம்மாளை உட்காரவைத்து, தாளை விட்டுக் கண்ணெடுக்காமல் படித்தான்.

"எனக்கா காமாலை? எப்போ சார்? அன்னிக்கு நாலு இட்லி துன்னுட்டு வந்தேனே!"

"சும்மா எழுதறதும்மா. கோர்ட்டு வழக்கம்."

தனக்குத்தான் வாய் எழும்பவில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெள்ளையம்மாள் அவன் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு, "எங்க வெக்கணும்?" என்று கட்டைவிரலை நீட்டினாள். மைப் பெட்டியைத் திறக்கையில் அவன் காதுமடல் எரிந்தது.

கொழுந்தன் தரப்பு ஆட்சேபிக்கவே இல்லை. வழக்கு உயிர்பெற்றது, பிறகு கிணற்றில் பங்கும் கிடைத்தது. "பரவால்லியே" என்று சீனியர் தட்டிய தோள் அவனுக்குக் கூசியது.

எட்டு வருஷம் கழித்து, வேறொரு வழக்கில் நிலத்தைப் பார்வையிடக் கோர்ட் அனுப்பி அந்த ஊருக்குப் போனான். வெள்ளையம்மாள் அப்போது உயிரோடு இல்லை. பக்கத்துக் கொல்லைக்காரி தனம் அவன் யாரென்று விசாரித்தாள்.

"அந்தக் காமாலை வக்கீலா நீங்க? அக்கா கைநாட்டு வெச்சுட்டு வந்ததும் பாய விரிச்சிப் படுத்துட்டாங்க. பத்து நாளு கீழாநெல்லி, உப்பில்லாத மோர்சோறு. ஊரே வந்து பாத்துச்சு, கொழுந்தனும்தான். எங்கிட்ட மட்டும் சொன்னாங்க, 'அந்தப் புள்ள எழுதினது பொய்யினு ஆயிடக் கூடாதுடி'னு."