அடித்துப் போட்ட அளவு

தெருவில் அவளுக்கு மில்லியக்கா என்று பெயர். தொல்பொருள் அலுவலகத்தில் அளவு எடுக்கும் வேலை, பத்தொன்பது வருஷ சர்வீஸ். ஜன்னல் திரை தைக்கக் கொடுத்தால்கூட மில்லிமீட்டரில்தான் சொல்லுவாள். தையல்காரர் தலையில் அடித்துக்கொள்வார். வீட்டில் எப்படி என்று யாராவது கேட்டால், இதைவிட மோசம் என்பார் கணவர்.

தெருவுக்குப் பின்னால் ஒரு பாறைக்குன்று. அதன் சரிவில் யாரோ எப்போதோ செதுக்கிய உருவங்கள்: வட்டத்துக்குள் வட்டம், கொம்புள்ள ஒரு விலங்கு, விரல் விரித்த கைகள் பதினொன்று. செதுக்கியது யார், எதற்கு என்று ஒருத்தருக்கும் தெரியாது. கதை மட்டும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். அந்தக் குன்றை உடைக்க ஒரு குவாரிக்காரர் மனுப் போட்டார். சோதனைக்கு வைத்த முதல் வெடியிலேயே நாற்பது வீட்டுச் சுவரிலும் விரிசல் விழுந்தது. உடைக்கத் தொடங்கினால் தெருவே காலி, அவள் வீடும் சேர்த்து. செதுக்கல்களுக்கு நூறு வயது தாண்டிவிட்டது என்று நிரூபித்தால் மட்டும் சட்டப்படி குன்றில் யாரும் கை வைக்க முடியாது. சொந்தத் தெரு விவகாரத்தை அவளிடம் கொடுத்திருக்கக் கூடாதுதான். ஆனால் கற்பாசி அளக்கத் தெரிந்த ஆள் அந்த அலுவலகத்தில் அவள் ஒருத்திதான்.

பாறையில் வட்ட வட்டமாகச் சாம்பல் நிறத்தில் படருமே, அந்தக் கற்பாசி. வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர் வளர்ந்தால் பெரிய விஷயம். செதுக்கின குழிக்குள் வளர்ந்திருக்கும் பாசியை அளந்தால் குழி குறைந்தது எவ்வளவு பழசு என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த ஊர்ப் பாசி வருஷத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்குத் தேதி போட்ட கல் வேண்டும். தேதி போட்ட கல் கிடைக்கிற ஒரே இடம் கல்லறைத் தோட்டம்.

அங்கே நூறு வருஷத்துக்கு முந்திய தேதியுள்ள கற்கள் இரண்டுதான். இரண்டுமே கணவர் குடும்பத்துக் கற்கள், பக்கத்துப் பக்கத்தில். கொள்ளுத்தாத்தா கல்லில் நூற்றிருபது வருஷத்துக்கு முந்திய தேதி. அதில் பாசி அறுபது மில்லிமீட்டர், குன்றின் குழிகளில் ஐம்பத்தாறு. அந்தக் கணக்கில் செதுக்கல்களுக்கு வயது நூற்றுப்பன்னிரண்டு. பிழைத்தது தெரு! பக்கத்தில் அவருடைய மூத்த மகன் கல். தேதி நூற்றிரண்டு வருஷத்துக்கு முந்தியது. பாசியோ அதே அறுபது. அந்தக் கணக்கில் வயது தொண்ணூற்றைந்து. அவள் அதை ரெண்டு தரம் அளந்தாள். பிறகு 'ஈரம் அதிகம், வளர்ச்சி இயல்பல்ல' என்று ஓரத்தில் எழுதி, சிவப்பு மையால் அடித்துவிட்டாள். அறிக்கையில் அது ஏறவில்லை. அப்போது மனசு ஒரு கணம் உறுத்தியது, உடனே அடங்கியும் போனது.

விசாரணை நாள் காலை. தெருவே கிளம்பிக்கொண்டிருந்தது. மாமியார் செருப்பைத் தேடிக்கொண்டே பேசினாள். அவளுக்குப் பேசாமல் செருப்புப் போட வராது.

"நம்ம கொள்ளுத்தாத்தா கல்லுதான் தெருவைக் காப்பாத்தப் போகுதாமே? அந்தக் கல்லுக்கு அடிச்சிக்கிட்டது எனக்குத்தானே தெரியும்! என் மாமனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"என்ன அடிச்சிக்கிட்டாங்க, அத்தை?"

"அப்பா கல்லுல மகனுங்க பேர்ல யாருது முதல்லன்னு அண்ணன் தம்பிக்குள்ள சண்டை. பதினெட்டு வருஷம் கல்லே வைக்கலயாம். அண்ணன் செத்தப்புறம்தான் தம்பி ரெண்டு கல்லையும் ஒரே நாள்ல நட்டாராம். அதுலயும் பாரு, அண்ணன் பேரைத்தான் முதல்ல போட்டாரு. அழுதுக்கிட்டே போட்டாராம்."

மில்லியக்கா மனசுக்குள் கணக்கைத் திரும்பப் போட்டாள். ஈரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கொள்ளுத்தாத்தா கல்லில் இருந்தது அவர் செத்த தேதி. கல் பதினெட்டு வருஷம் இளையது. அடித்துப் போட்ட அளவுதான் சரியான அளவு.

விசாரணை அறையில் மின்விசிறி கிரீச்சிட்டது. பின் வரிசைகளில் தெரு மொத்தமும். அதிகாரி வயசில் சின்னவர், தோரணையில் பெரியவர். அறிக்கையைப் புரட்டிவிட்டு, கையெழுத்து வாங்குமுன் எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"நீங்க எடுத்த அளவு எல்லாம் இதுல இருக்கா?"

தலையாட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம். முதுகுக்குப் பின்னால் நாற்பது வீடு மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது.

"இல்ல சார். ஒண்ணு விட்டிருக்கேன்."

சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. குவாரி வக்கீல் எழுந்திருக்கக்கூட இல்லை. அவர் வேலையை அவளே செய்துகொண்டிருந்தாள்.

"அப்போ நூறு இல்லைங்கிறீங்க?"

"குறைஞ்சது தொண்ணூத்தஞ்சு. அதுக்கு மேலயும் இருக்கலாம். நூறுன்னு என்னால நிரூபிக்க முடியாது."

மதியத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. குன்றை உடைக்கலாம், தெரு ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும். வெளியே வந்த தெருக்காரர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். எதிர்வீட்டுக்காரி மட்டும் நின்று, "நல்லா இரு," என்றாள். திட்டியிருந்தால் தேவலாம். கணவர் அவளுக்காக நிற்காமல் வண்டி எடுக்கப் போனார்.

படிக்கட்டின் மேல்படியில் மாமியார் முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"என் வாயாலதானே எல்லாம் கெட்டுது. செருப்பைப் போட்டுக்கிட்டுப் பேசாம வந்திருக்கலாம்."

ஆமாம் என்று விட்டுவிடலாம். வீட்டில் பாதிப் பழி அங்கே இறங்கிவிடும். கிழவியும் சாகும்வரை சுமப்பாள்.

"இல்ல, அத்தை. மூணு மாசம் முன்னாடியே பாத்துட்டேன், ரெண்டு கல்லுலயும் ஒரே அளவு. வேணும்னுதான் அடிச்சேன்."

மாமியார் அழுகையை நிறுத்தினாள். "அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும்னு விட்டா என்ன? இன்னைக்கு எதுக்குடி சொன்ன?"

"காரணம் தெரியாத வரைக்கும் ஈரம்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். தெரிஞ்சப்புறம் முடியல, அத்தை."

மாமியார் முந்தானையை உதறிச் செருகினாள். முழங்கால் வலிக்காரி, எந்தப் படியானாலும் மருமகள் தோளைப் பிடித்துத்தான் இறங்குவாள். மில்லியக்கா பழக்கத்தில் தோளைச் சாய்த்துக் கொடுத்தாள். கிழவி அதைத் தொடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று, தனியாக இறங்கினாள். மருமகள் இரண்டு படி பின்னால் நடந்தாள்.