கோமதி டீச்சர் என்னிடம் மட்டும் பேசிய மராத்தி

கோமதி டீச்சர் இறந்த செய்தியை அவர் மகள்தான் போனில் சொன்னாள். "அங்கிள், அம்மா... அம்மா இல்ல" என்று தமிழில் தொடங்கியவள், அதற்கு மேல் சொல் கிடைக்காமல் ஹிந்திக்குப் போய்விட்டாள். நான் ஊரின் மறுகோடியில், வாகட் பகுதியில் இருக்கும் மகன் வீட்டு பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். "சரிம்மா, வரேன்" என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் தமிழில் பேசுகிறவர், உங்களிடம் மட்டும் ஏன் மராத்தியில் பேசுகிறார்? ஏதோ கிண்டல் என்று நான் சிரித்து மழுப்புவேன். பதினைந்து வருடம் அப்படியே ஓட்டிவிட்டேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தால் பள்ளி ஆசிரியர்களைத்தான் வீடு வீடாக அனுப்புவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நாம் எல்லோரும் தலைவலி, முதுகுவலி என்று கடிதம் கொடுப்போம். டீச்சர் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ராணுவக் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் அதே நான்கு தெருக்கள் மூன்று முறை அவருக்கு வந்தன. முதல் முறை பாதி வீடுகளில் தாய்மொழி தமிழ் என்றார்களாம். அடுத்த முறை அதே வீடுகளில் பிள்ளைகள் முந்திக்கொண்டு ஹிந்தி என்றார்களாம். மூன்றாம் முறை மராத்தி. "ஆளுங்க எங்கயும் போகல சார், பதில்தான் போயிடுச்சு" என்று என்னிடம் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். மறுநாள் கணக்கெடுக்க என் வீட்டுக்கு வந்தார்.

மராத்தி பேசாத வெளியூர்க்காரர்களைப் பற்றி ஊரில் சூடாகப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. இந்தக் கணக்கை வைத்துத்தான் யார் யாரைத் துரத்துவது என்று முடிவு செய்யப்போகிறார்கள் என்று ஒரு வதந்தி. பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிற நான் அதை நம்பினேன். டீச்சர் சோபாவில் உட்கார்ந்து, "தாய்மொழி?" என்று கேட்டபோது தமிழ் என்று எழுத படிவத்தில் பேனாவைக் கிட்டத்தட்ட வைத்தேவிட்டார்.

"மராத்தின்னு போடுங்க" என்றேன்.

"சார், இதை யாரும் யாருக்கும் காட்ட மாட்டாங்க."

"பரவால்ல, போடுங்க."

அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து என் மனைவி, "ஏங்க, டீச்சருக்கு காப்பில சீனி எவ்வளவுன்னு கேளுங்க" என்று சத்தமாகக் கேட்டாள். டீச்சர் என்னை ஒரு முறை பார்த்தார். சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினார். அடுத்த கேள்வி, தெரிந்த பிற மொழிகள். "தமிழ் தெரியுமா?" என்றார். "தெரியும்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டு எழுந்தார். காப்பி குடிக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டியபடி, "யேதே, சர்" என்று மராத்தியில் விடைபெற்றுக்கொண்டு போனார். அன்றோடு சரி, அவர் என்னிடம் தமிழில் பேசவே இல்லை.

வீட்டில் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் விதி. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லி ஒரு தரம் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நம் பள்ளியின் தமிழ்ப் பிரிவை மூடப் பேச்சு வந்த கூட்டம் நினைவிருக்கிறதா? வந்திருந்த அதிகாரி, இந்தப் பகுதியில் தமிழர் குறைந்துவிட்டார்கள் என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார். நான் துள்ளி எழுந்தேன். நாங்கள் எவ்வளவு பேர் இருக்கிறோம் தெரியுமா என்று கத்தினேன். நீங்கள் கைகூடத் தட்டினீர்கள். டீச்சர் என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, "சர், தும்ஹி பஸா. தும்ஹி த்யாத் நாஹித்" என்றார். சார், நீங்கள் உட்காருங்கள், நீங்கள் அந்தக் கணக்கில் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வருடம் பிரிவை மூடினார்கள்.

அவர் படுத்த படுக்கையான பிறகு ஒரு நாள் போய், "டீச்சர், அடுத்த கணக்கெடுப்புல தமிழ்னு சொல்லிடறேன்" என்றேன். வெட்கம் கெட்டவன், மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. "பகூ" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். அந்தக் கணக்கெடுப்போ தள்ளித் தள்ளிப் போனது. ஒவ்வொரு முறை நான் போகும்போதும், வந்துவிட்டதா என்பதுபோலப் புருவத்தைத் தூக்குவார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். இப்போது வருகிறது. அவர் இல்லை.

இந்த முறை போனிலேயே நாமே பதிந்துகொள்ளலாமாம். காரியம் முடிந்து வந்த அன்று மகனிடம், "எனக்குத் தாய்மொழி தமிழ், மறக்காம போடு" என்றேன்.

"போடறேன்ப்பா. பாப்பாவுக்கு? அவளுக்குத் தமிழ் வரவே வராதே. ஹிந்தின்னு போட்டுடவா?"

பேத்தி தரையில் உட்கார்ந்து ஹிந்தியில் பொம்மையை அதட்டிக்கொண்டிருந்தாள். தமிழ் என்று போடச் சொல்ல வாயைத் திறந்தேன். அது உண்மையா என்று அந்த சோபாவிலிருந்து யாரோ பார்ப்பதுபோல இருந்தது. கோமதி டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். அதுதான் வந்தது.

"பகூ" என்றேன்.