நலங்கு மஞ்சள் கண்ணுக்குள் போகாது

கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பட்டுப்புடவை விரித்துக் காட்டிய எழில்மதி, இருபத்திரண்டு வயதில் தன் கல்யாணத்துக்கும் ஒன்று எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை தீனதயாளன், தியாகதுருகத்தில் டிராக்டர் மெக்கானிக். நிச்சயம் முடிந்தால் முகூர்த்தம் வரை இருவரும் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பது இரு வீட்டிலும் சட்டம்.

கல்யாணம் நெருங்கியபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆனது. வலப்பக்க விலாவுக்குக் கீழே வலித்தது. பலகாரம் சுடும் எண்ணெய் வாசனை பட்டாலே கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? சூடு என்று நினைத்து இளநீர் குடித்தாள்.

இதற்கிடையே உறவுக்காரர்கள் முறைவைத்து வந்து நலங்கு வைத்து மஞ்சள் பூசினார்கள். குளித்தும் மஞ்சள் போகவில்லை.

"ஈரோட்டு மஞ்சள்னா சும்மாவா? கல்யாணக் களை வந்துடுச்சு பாரு," என்று பூரித்தாள் அம்மா ஜெயசுதா.

நலங்கு வைக்க வந்த வருங்கால மாமியார் அம்சவள்ளி, கொல்லையில் எழில்மதியைப் பார்த்துவிட்டு மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னா சம்மந்தி, பொண்ணு வாந்தி எடுத்துகினு கீது?"

"அல்சருங்க. கடையில நேரத்துக்குச் சாப்புடறதில்ல."

"அந்த மாதிரி அல்சர் நானும் மூணு பெத்திருக்கேன். நாளைக்குப் பெரியவங்களோட வரேன். நிச்சயத்தட்டைத் திருப்பிக்கலாம்."

எழில்மதி தலையணை நனைய அழுதாள். தப்பு எதுவும் நடக்கவில்லை என்று அம்மா அவளைச் சாமி படத்தின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். அழுத கண் மஞ்சளாக இருந்ததைக் கவனிக்கும் நிலையில் அந்த வீட்டில் யாரும் இல்லை.

மறுநாள் அம்சவள்ளி பெரியவர்களோடு வரவில்லை. மகனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"சம்மந்தி, எம்புள்ளையும் காலையிலேர்ந்து வாந்தி எடுத்துகினு கீறான்."

"அவருக்கும் அல்சருங்களா?" என்று கேட்டாள் ஜெயசுதா.

அதே ஆட்டோவில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா இருவர் கண்ணிமையையும் இழுத்துப் பார்த்தார்.

"நலங்கு மஞ்சள் தோல்லதான் ஒட்டும். கண்ணுக்குள்ள போகாது. இது மஞ்சள் காமாலை."

ரத்தப் பரிசோதனை ஹெபடைடிஸ் ஏ என்றது.

"கெட்ட தண்ணி, ஐஸ் மூலமா வர்றது. சின்னப் பிள்ளைங்களுக்கு வந்தா பெரும்பாலும் வெளியவே தெரியாது. இந்த வயசுல ஆளைப் படுக்கப் போட்டுடும். ஒரு மாசத்துக்கு முன்னால ரெண்டு பேரும் ஒண்ணா ஏதாவது சாப்பிட்டீங்களா?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"கரும்பு ஜூஸ்," என்றான் தீனதயாளன். "ஐஸ் போட்டது. திருக்கோவிலூர்ல."

"நிச்சயத்துக்கு முன்னாடியா, பின்னாடியாடா?" என்றாள் அம்சவள்ளி.

"பின்னாடிம்மா."

"எத்தினி கிளாஸு?"

"ஒண்ணுதான். ஸ்ட்ரா ரெண்டு."

ஓய்வு, காய்ச்சிய தண்ணீர், சோப்புப் போட்டுக் கை கழுவுவது, கண்ட மாத்திரையும் போடாமல் இருப்பது: வைத்தியம் அவ்வளவுதான், காமாலை தானாக வடிந்துவிடும், சிறுநீர் வெளுத்துக்கொண்டு வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. கல்யாணம் தள்ளிப்போனது. ஆளுக்கொரு வீட்டில் படுத்துக்கொண்டு இருவரும் போனில் பேசினார்கள்.

"இன்னிக்கு இன்னா கலரு?"

"டீத்தண்ணி மாதிரி. உங்களுக்கு?"

"எலுமிச்சை ஜூஸ்."

"குடுத்துவெச்சவர்," என்று எழில்மதி பெருமூச்சு விட்டாள்.

மறு முகூர்த்தத்துக்கு நலங்கு வைக்க அம்சவள்ளியே முதலில் வந்தாள். கிண்ணத்தில் விரலைத் தோய்க்கும் முன் மருமகளை வெளிச்சத்துக்கு இழுத்து, இமையைப் பிரித்துப் பார்த்தாள்.

"வெள்ளையா கீது," என்று சபைக்குச் சொல்லிவிட்டு, கன்னம் நிறைய மஞ்சள் பூசினாள்.