சுழி இல்லாத தகப்பன்

தாய்லாந்தின் த்ராட் கடற்கரையில் ஒரு கால்வாய் உண்டு. பாதி நாள் அது கடலுக்குப் போகும். மீதி நாள் கடல் அதற்குள் வரும். அப்போது தண்ணீர் தன் வழியை மறந்ததுபோல மலையைப் பார்த்து நடக்கும். அந்த ஊர் நாய்களின் முதுகும் அப்படித்தான். உடம்பு மயிரெல்லாம் வாலைப் பார்த்துப் படுத்திருக்க, நடு முதுகில் ஒரு பட்டை மட்டும் தலையைப் பார்த்து எதிர்த்து ஏறும். அதுதான் சுழி. ஊசிபோல இருந்தால் ஒரு மதிப்பு, இலைபோல இருந்தால் ஒரு மதிப்பு, வயலின்போல இடுப்புச் சிறுத்து விரிந்துவிட்டால் பாங்காக்கிலிருந்தே கார் வரும்.

பிரயோங் அந்தக் கால்வாயின் மேல் கால் ஊன்றி நிற்கும் மரவீட்டில் பிறந்தாள். அவளைக் கட்டியவன் அங்கேயே வந்து குடியேறினான், அங்கேயே செத்தும் போனான். ஒன்பது வயதில் நண்டுக் கொட்டகையில் உட்கார்ந்தவள் அவள். ஐம்பத்தெட்டு வயதாகியும் எழுந்திருக்கவில்லை. வெந்த நண்டை உடைத்துச் சதையை எடுக்கவேண்டும். அதில் ஓட்டுச் சில்லு ஒன்றுகூடத் தங்கக்கூடாது. சதையும் வெள்ளை, சில்லும் வெள்ளை, கண் என்ன செய்யும்? விரல்தான் சொல்லவேண்டும். பிரயோங்கின் விரல் தப்பு சொன்னதில்லை. மேகச் சாம்பல் நிறத்தில் நின் என்றொரு பெட்டை நாய் வைத்திருந்தாள். மத்தியானத்தில் அது அவள் கெண்டைக்காலில் முதுகைச் சாய்த்துத் தூங்கும். தூக்கத்தில் ஓடும். எங்கே ஓடுகிறதோ, அந்த இடத்தை அவளும் பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் புருஷனின் தம்பி உதாய் நாலு வீடு தள்ளி இருந்தான். அவனிடம் பெட் என்ற கடுவன் இருந்தது. அதன் முதுகில் யாரோ உட்கார்ந்து வரைந்ததுபோல ஒரு வயலின். நாய்ப் போட்டிகளில் கோப்பை கோப்பையாக வாங்கிய நாய். கரையோரத்துப் பெட்டைகள் எல்லாம் அதனிடம்தான் போய்வரும். பிறக்கும் குட்டிகளில் முதுகு வழுவழுப்பாக, சுழியே இல்லாமல் சிலது இருக்கும். அதுகளைக் கூடையில் போட்டு அக்கரைக் கோயிலில் விட்டுவிடுவார்கள். "கோயிலுக்குக் கொடுத்தோம்" என்பார்கள், ஏதோ சோறு படைத்ததுபோல. பிரயோங்கும் முப்பது வருஷம் அந்தக் கூடையைச் சுமந்தவள்தான். அதை மறைத்து அவளை நல்லவளாக்கிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

போன மழைக்கு முந்தின மழையில் நின், பெட்டுக்கு ஏழு குட்டி போட்டாள். ஏழுக்கு ஏழும் சுழி. உதாய் படகுத்துறைவரை ஆடிக்கொண்டே போனான். மூன்றாம் நாள் பிரயோங் குட்டிகளின் பிடரித் தோலை இரண்டு விரலில் எடுத்து மெல்ல உருட்டினாள். முதல் குட்டியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் விரல் நின்றது. தோலுக்கும் உள்ளுக்கும் நடுவே ஒரு நூல். நண்டுச் சில்லு மாதிரிதான், ஆனால் எடுத்துப் போட முடியாத சில்லு. மூன்று குட்டிகளுக்கு அது இருந்தது. சுழி போகும் வழியிலேயே அந்த நூலும் உள்ளே இறங்கியிருந்தது.

கொஞ்ச நாளில் அந்த இடத்தில் ஊசித்துளைபோல வாய் திறந்தது, சீழ் கட்டியது, கழுத்து வீங்கியது. இரண்டு போயின. மூன்றாவதை டவுன் டாக்டரிடம் தூக்கிப்போனாள். நூல் முதுகுத்தண்டுவரை போயிருக்கிறது என்று சொல்லிக் கத்தி வைத்தார். அதுவும் பிழைக்கவில்லை. நின் அந்தக் குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து பிரயோங்கின் காலடியில் வைத்தாள். வைத்துவிட்டு அவள் விரல்களை நக்கினாள். எந்த விரல் சரிசெய்யும் என்று தேடினாளோ என்னவோ.

"அண்ணி, எல்லார் வீட்லயும் நடக்கறதுதான். மூணாம் நாளு கிள்ளிப் பாக்கணும், நூல் இருந்தா ஒதுக்கிடணும். அதுக்குப்போய் சோறு திங்காம கெடப்பாங்களா?" என்றான் உதாய்.

"ஒதுக்கறதுன்னா என்னன்னு வாயத் தெறந்து சொல்லு பாப்போம்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

அந்த வருஷம் முழுக்க பிரயோங் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், அங்கே சுற்றும் வழுவழு முதுகு நாய்களின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சோற்று உருண்டையை நீட்டிக்கொண்டே ஒவ்வொன்றின் பிடரியையும் உருட்டிப் பார்த்தாள். பதினேழு நாய். கிழடு, குமரு, காது கிழிந்தது, ஒற்றைக்கண். ஒன்றுக்கும் நூல் இல்லை. ஊர் வேண்டாம் என்று தள்ளியது எல்லாம் வெயிலில் கால் நீட்டித் தூங்குகிறது. ஊர் பொத்திப் பொத்தி வைத்தது மண்ணுக்குள் தூங்குகிறது. அதுகளில் தூப் என்று ஒரு தவிட்டு நிறக் கடுவன். ஊதுவத்திச் சாம்பலில் புரளும், அதனால் அந்தப் பேர். நெஞ்சு அகலம், பல் முத்து, கண்ணில் ஒரு நிதானம். அந்தக் கண் பக்கத்து வீட்டுப் பெட்டையிடமிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் சுமந்த கூடையில் அக்கரை போனவன்தான் அவன்.

நின்னுக்கு ஏழு வயது நெருங்கியது. இன்னும் ஒரே ஒரு ஈற்று, அதற்குமேல் அவள் உடம்பு தாங்காது. பருவம் வந்ததும் உதாய் பெட்டின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"பாங்காக்குக்காரரு வயலின் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு அண்ணி."

"அவரு நிக்கட்டும். உன் நாயி வேணாம்."

"பெட் வேணாமா? அவன் முதுகப் பாத்து நடுவருங்களே எந்திரிச்சு நின்னாங்க!"

"முதுகப் பாத்தாங்க. கழுத்தத் தொட்டாங்களா? என் நின்னுக்கு இதுதான் கடைசி. இன்னொரு குட்டிய அவ என் காலடில கொண்டாந்து வைக்கக்கூடாது. அவ்வளவுதான்."

"அப்ப வேற யாரு மாப்பிள்ள?"

"தூப்."

உதாய் சிரித்த சிரிப்பில் பெட்டே பயந்து குரைத்தது. "கோயில் சோறு திங்கற மொட்ட முதுகா? ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும். கீழ கால்வாதான ஓடுது."

தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து நின்னைப் படகில் ஏற்றினாள். துடுப்பே வேண்டியிருக்கவில்லை; கடலே படகை உள்ளே தள்ளிக்கொண்டு போனது. மூடுபனியில் கோயில் கூரை மட்டும் மிதந்தது. பெரிய சாமி என்று ஊர் கூப்பிடும் மூத்த பிக்கு முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, உங்க தூப்ப ரெண்டு நாளைக்குக் குடுங்க."

"அவன் எனக்குச் சொந்தமில்லயே. அவங்கிட்டயே கேளு." நின்னைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "நல்ல காரியந்தான் போலருக்கு. அதுக்கு மந்திரமெல்லாம் எங்கிட்ட கெடயாதும்மா" என்று சொல்லி, துடைப்பத்தோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொட்டகையில் கதை முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. எதிரில் நண்டு உடைக்கும் சம்லீக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்னக்கா, சம்பந்தி வீடு ரொம்பப் பெருசாமே? கோபுரமெல்லாம் இருக்காமே?"

"ஆமாண்டி. சீரும் அங்கேருந்து வரும். ஒனக்கு ஒரு ஊதுவத்திக் கட்டு எடுத்து வைக்கறேன்."

சிரித்தாள்தான். ஆனால் நின் சினையாக இருந்த அந்த இரண்டு மாதமும் அவளுக்குத் தூக்கம் ஒரு மாதிரி வந்தது. கால்வாய் முழுக்க மயிராகிவிட்டது போலக் கனவு. ஏற்றத்தில் அது எதிர்த்து ஏறும்; அவள் குனிந்து விரலால் துழாவுவாள்; அடியில் ஒரு நூல் தட்டுப்படும்; இழுத்தால் முடிவே வராது. விழித்தால் மழை. நின்னின் வயிறு அவள் முழங்காலில் கனத்துக் கிடக்கும்.

ஒரு மத்தியானம், ஏற்றமும் வற்றமும் இல்லாமல் தண்ணீர் அசையாது நின்ற நேரத்தில், நின் ஆறு குட்டி போட்டாள். நாலுக்குச் சுழி. இரண்டு மொட்டை முதுகு. வயலின் ஒன்றும் இல்லை. ஊசிகள், ஒரு கோணல் இலை.

மூன்றாம் நாள் பிரயோங் எலுமிச்சை தேய்த்துக் கை கழுவினாள். நண்டு வாசனை குட்டிகளிடம் போகக்கூடாது. படியில் உதாய் வந்து நின்றான். உள்ளே வா என்று அவளும் சொல்லவில்லை, போகிறேன் என்று அவனும் சொல்லவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு முதல் குட்டியை எடுத்தாள். பிடரித்தோல் வெந்நீரில் நனைந்த துணிபோல விரலுக்குள் வழுக்கியது. ஒன்றுமில்லை. இரண்டாவது. மூன்றாவது. கோணல் இலைக் குட்டியில் விரல் ஒரு கணம் நின்றது; உதாயின் மூச்சும் நின்றது. குட்டி கொட்டாவி விட்டது, தோல் மடிப்பு நழுவியது, அடியில் ஒன்றுமில்லை. ஐந்தாவது. ஆறாவது. திரும்ப முதலிலிருந்து ஒருமுறை. நின் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் அவள் கைகளோடு நடத்திக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றாள் பிரயோங். "ஒண்ணுக்கும் இல்ல." சொன்னபோதுதான் முகம் நனைந்திருப்பது அவளுக்கே தெரிந்தது.

உதாய் உள்ளே வந்து குந்தினான். "வயலின் வரல."

"வரல."

"தகப்பன் பேரு கோயில்னு எழுதினா எவனும் ஜாதி நாயின்னு பேப்பர் தரமாட்டான், அண்ணி."

"பேப்பரத் திங்கறாளாமா நின்?"

அவன் எழுந்து, பழக்கத்தில் ஆணியில் தொங்கிய கூடையை எடுத்து, மொட்டை முதுகுக் குட்டிகள் இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தான். முப்பது வருஷத்துக் கை அல்லவா, தானாகச் செய்துவிட்டது. பிரயோங் கூடையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பிரம்பு கிறீச்சிட்டது. அவள் நல்ல கனம்.

உதாய் கூடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு ஒரு மொட்டை முதுகுக் குட்டியைத் தூக்கி, அவள் செய்ததைப்போலவே இரண்டு விரலில் பிடரியை உருட்டினான். அவன் விரல் மீன்வலைக்குப் பழகிய முரட்டு விரல். அதற்கு என்ன தெரிந்ததோ. வெகுநேரம் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"எங்க வீட்ல எலித் தொல்ல ஜாஸ்தி" என்றான் கடைசியில், குட்டியிடம் சொல்வதுபோல.

"கண்ணு தெறக்கட்டும், பால் மறக்கட்டும். அப்பறம் வந்து தூக்கிட்டுப் போ. கூடயில இல்ல, கையில."

வெளியே தண்ணீர் மறுபடி மலையைப் பார்த்து ஏற ஆரம்பித்திருந்தது. நின் தூக்கத்தில் ஓடத் தொடங்கினாள். ஆறு குட்டிகளும் காம்பை விடாமல் அவளோடு சேர்ந்து ஆடின.