சத்தம் போடாத பெட்டி

எங்கள் பிளான்ட் மேனேஜருக்கு இரண்டு விஷயங்களைக் கண்டால் ஆகாது. ஒன்று சத்தம், இன்னொன்று ஒயர். கார்களுக்கான மின்கருவிகள் செய்யும் தொழிற்சாலையில், அதுவும் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், இந்த இரண்டையும் கழித்தால் என்ன மிஞ்சும் என்று அவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் காண்டிராக்ட் ஆள் நான். கேள்வி கேட்பது என் வேலையில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அதுவரை கருவிகளைப் பூட்டிச் சேர்க்கும் லைனில் ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் நின்றது. பெரிய உடம்பு, தூசி படிந்த முகம், ஆனால் உள்ளே காற்று புழங்க இடம் இருந்தது. மாதம் ஒருமுறை ஊதித் துடைத்துவிட்டால் எந்த வம்புக்கும் வராது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று தெரிந்ததும், அத்தனையையும் தூக்கச் சொன்னார் மேனேஜர். டிபன் பாக்ஸ் அளவில் குட்டிக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின.

"பாரும்மா, இருக்கிறதே தெரியல. எவ்ளோ க்ளீனா இருக்கு!" என்று ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். பெற்ற பிள்ளையை அப்படி ஏந்தியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஏந்திப் பார்த்ததுதான் வினையாகிவிட்டது. இவ்வளவு சின்னதாக இருந்தால் யாராவது பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. யாராவது என்றால் லைனில் வேலை செய்யும் பெண்கள்தான், வேறு யார்? ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களின் சாப்பாட்டு டப்பாவை கேட்டில் திறக்கச் சொல்லி, மிச்சமிருக்கும் எலுமிச்சைச் சோற்றுக்குள் ஸ்க்ரூ தேடுகிற கம்பெனி அது. ஒரே வாரத்தில் ஒவ்வொரு குட்டிக் கம்ப்யூட்டருக்கும் ஓர் இரும்புப் பெட்டி வந்தது, பூட்டும் வந்தது. சாவிக்கொத்து அவர் மேசை டிராயருக்குள் போனது. காற்று போக ஓட்டை எங்கே என்று கேட்டேன். ஒயர் போகிற ஓட்டை இருக்கிறதே என்றார். இந்த மனிதருக்கும் ஒரு காலேஜ் இன்ஜினீயர் பட்டம் கொடுத்து அனுப்பியிருக்கிறது.

பூட்டிய பெட்டிக்குள் சூடு தேங்கினால் சின்ன விசிறி என்ன செய்யும்? கத்தும். காலையில் கொசு மாதிரி தொடங்கி, பத்து மணிக்கெல்லாம் மிக்சி ஓடுகிற சத்தத்துக்கு வந்துவிடும். "விசிட்டர்ஸ் வர்ற நேரத்துல மானத்த வாங்குதே" என்று மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டார். பார்சலில் வந்த ஸ்பாஞ்சை வெட்டிப் பெட்டிகளின் உட்புறம் ஒட்டச் சொன்னார். சூடு ஏறியது, விசிறி இன்னும் கத்தியது. அடுத்து என்னைக் கூப்பிட்டு, விசிறியின் வேகத்தையே குறைத்து வைக்கச் சொன்னார். அப்படி ஒரு வசதி அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பதை எவனோ அவருக்குச் சொல்லிவிட்டிருந்தான்.

இதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே, அரை நாளில் எல்லா மேசையிலும் அதைச் செய்து முடித்தேன். லைன் அமைதியானது. வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், முந்திரி பிஸ்கட் தின்றார்கள், ரொம்ப அமைதியான லைன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேனேஜர் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

விசிறியால் கத்த முடியாவிட்டால், சூடு தாங்காத கம்ப்யூட்டர் வேலையை மெதுவாக்கிக்கொண்டுதான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். மற்ற மேசைகளில் வெறும் பார்கோடு படிக்கிற வேலை, அதனால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது மேசையில் கடைசிச் சோதனை. கம்ப்யூட்டர்தான் ஒவ்வொரு கருவியையும் சோதித்து முடிவு சொல்ல வேண்டும். போதாததற்கு, அந்த மேசை ஈயம் உருக்குகிற சால்டர் அடுப்பை ஒட்டியிருந்தது. அங்கே ஒவ்வொரு கருவிக்கும் நேரம் இழுத்தது.

ஏழாவது மேசையில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். தண்டலத்தில் ஹாஸ்டல். டிரெய்னியாக இரண்டு வருடம் முடியப்போகிறது. அந்த மாதம்தான் யாரை நிரந்தரமாக்குவது என்று பட்டியல் போடுகிறார்கள். வேலை நிலைத்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுவது, இல்லையென்றால் ஊருக்கு வந்து பார்த்து வைத்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவது என்று வீட்டாரோடு அவளுக்கு ஒப்பந்தம். லைன் முழுக்க இது தெரியும்.

மணிக்கு எத்தனை முடித்தாய் என்று ஒவ்வொரு மேசைக்கும் பலகையில் எழுதுவார்கள். இலக்கைத் தொட்டால் பச்சை, தொடாவிட்டால் சிவப்பு. அவள் வரிசை முழுக்கச் சிவப்பானது.

"இன்னாமா, இன்னிக்கும் செவப்பு. தூங்கிக்கினு கீறியா?" என்றார் லைன் லீடர். பக்கத்து ஊர்க்காரர்.

"நான் எங்கண்ணே தூங்குதேன்? பட்டன அமுக்கினா இதுதான் அசையாமக் கெடக்கு."

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, பெட்டி மேல கைய வச்சுப் பாருங்க. தோசை ஊத்தலாம். இது எதனாலன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"பாக்கறேன்மா" என்றேன்.

மேனேஜரிடம் போய், ஏழாவது மேசைக் கம்ப்யூட்டர் மெதுவாகிறது என்றேன். "புது மெஷின்மா. அது எப்படி ஸ்லோ ஆகும்? மத்த டேபிள்ல எல்லாம் ஓடுது இல்ல? ஆள்தான் ஸ்லோ" என்றார். ஏழாவது மேசை ஏன் வேறு என்று சொல்லத் தொடங்கினேன். அவர் போனைப் பார்க்கத் தொடங்கினார். நான் வெளியே வந்துவிட்டேன். இரண்டு மூன்று தடவை எடுத்துச் சொன்னேன் என்று பின்னால் பலரிடம் அளந்திருக்கிறேன். சொன்னது ஒரே தடவை, அதுவும் பாதி.

பட்டியலில் அவள் பெயர் இல்லை. சனிக்கிழமை அடையாள அட்டையையும் தொப்பியையும் ஒப்படைத்தாள். கேட்டில் அன்றும் அவள் டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். "வாரேன்க்கா" என்றாள் என்னிடம். இரண்டு வார்த்தை வைதுவிட்டுப் போயிருக்கலாம்.

திங்கட்கிழமை சீக்கிரமே போய் மேனேஜர் அறைக்குள் நுழைந்தேன். ஊரையே பூட்டி வைக்கிற மனிதர் தன் டிராயரைப் பூட்டுவதில்லை. அது சும்மா சாத்தியிருந்தது. எந்த நாளும் அப்படித்தான் இருந்திருக்கும். சாவியை எடுத்து வந்து ஏழாவது பெட்டியைத் திறந்து, ஸ்பாஞ்சைப் பிய்த்து எறிந்தேன். விசிறியை அதன் இஷ்டத்துக்கு விட்டேன். பெட்டிக் கதவைத் திறந்தே வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. என்னை யாரும் தடுக்கவும் இல்லை. விருந்தாளி வராத நாளில் மேனேஜர் லைன் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அன்று அந்த மேசையில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்தாள். வேலை இன்னும் பிடிபடாத பெண். விசிறி காது கிழியக் கத்தியது. அவள் வரிசை முதல் மணியிலிருந்தே பச்சை.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் ஏழாவது மேசையின் வரைபடத்தைக் காட்டச் சொன்னார் மேனேஜர். அதை எடுத்துத் திரையில் போட்டது நான்தான். பல வாரங்கள் சிவப்பாகப் படுத்துக் கிடந்த கோடு, திங்கட்கிழமை நிமிர்ந்து பச்சையாகப் போனது. அந்த இடத்தில் பேனாவால் தட்டினார்.

"பாத்தியாம்மா? மெஷின் மெஷின்னியே. ஆள மாத்தினேன், சரியாப் போச்சு."

உட்கார்ந்திருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.