வேறொருவர் பாடிய தட்டு

ஐம்பதுகளின் நடுவில் கொழிஞ்சாம்பாறையில் மைக்செட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு பேட்டரி, சத்தம் வருகிற குழாய் இரண்டு, ஒரு மைக், இசைத்தட்டுப் போடுகிற பெட்டி ஒன்று. கல்யாணம், காதுகுத்து, கோயில் நோன்பி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இதே சாமான்தான். சத்தம் நன்றாக வந்தால் பாராட்டு பாடினவனுக்கு. கரகரவென்று வந்தால் திட்டு எனக்கு. இதற்காக நான் ஒருநாளும் குறைப்பட்டதில்லை என்று எழுதினால் அது பச்சைப் பொய். தினமும் குறைப்பட்டேன்.

என் அக்காளைக் கட்டியவர் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட். ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். அன்றைக்குச் சாயங்காலம்தான் மேடைக்குப் பின்னால் ஒருவரை ஒருவர் பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டு அரிதாரம் பூச உட்காருவார்கள். அவரவர் பாடம் அவரவர் தொண்டையில். யார் குரல் கடைசி வரிசைக்குப் போகிறதோ அவருக்குத்தான் அடுத்த ஊரிலிருந்து வெற்றிலை பாக்கு வரும். மச்சானுடைய குரல் கடைசி வரிசையைத் தாண்டி, வண்டி அவிழ்த்துப் போட்டிருக்கிற புளியமரம் வரைக்கும் போகும். என் மைக்கை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுத்தான் பாடவே ஆரம்பிப்பார். எனக்குக் கடுப்பாக இருக்கும். அப்புறம் பாட்டைக் கேட்டதும் கடுப்பு மறந்துபோகும்.

அவரைக் கோயமுத்தூரில் ஒரு சினிமா ஸ்டுடியோவிலிருந்து கூப்பிட்டார்கள். ஆற்றங்கரைச் சத்திரத்தில் பாடுகிற பரதேசி வேஷம். ஒரே ஒரு காட்சி, ஒரே ஒரு பாட்டு. புது வேட்டி கட்டிக்கொண்டு பொள்ளாச்சி பஸ் ஏறினார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது தொண்டை கட்டியிருந்தது. எப்படி நடந்தது என்று அக்காள் துளைத்தெடுத்தாள். நல்லபடியாக நடந்தது என்பதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. பெரிய இடத்துக்குப் போய் வந்த களைப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்து சேர எட்டு மாதமானது. முதல் ஆட்டத்துக்குக் குடும்பமே போனோம். சத்திரம் வந்தது, பரதேசி வந்தார், கூட்டம் விசிலடித்தது. திரையில் மச்சானின் முகம் வாசல் கதவளவு பெரிதாக இருந்தது. அவர் வாயைத் திறந்தார். வந்தது அவர் குரல் இல்லை. மெலிசாக, வழவழவென்று, யாரோ ஒரு இளவயதுக்காரரின் குரல். தினமும் சினிமாப் பாட்டுக்காரர்களின் குரல்களைத் தட்டில் போட்டுப் பிழைக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அக்காள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேறு யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் கொடுமை. படம் விட்டு வெளியே வந்ததும் எண்ணெய்க் கடைக்காரர் ஓடி வந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார். சினிமா மிஷினில் போட்டதும் குரலுக்கு என்ன மெருகு ஏறிவிட்டது, சீனி போட்டுக் காய்ச்சின பால் மாதிரி இருக்கிறதே என்று ஒரே பூரிப்பு. ஊரே அப்படித்தான் நம்பியது. மச்சான் சிரித்தார், கும்பிட்டார். ‘அது நானில்லை’ என்று அங்கேயே சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும். நானாவது சொல்லியிருக்கலாம். நானும்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும்தான் விஷயம் வெளியே வந்தது. படம் எடுக்கிற இடத்தில் ஏற்கெனவே ஒருவர் பாடி வைத்த தட்டைக் குழாயில் போட்டு, வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்களாம்.

“நான் வெறும் வாய அசைக்கல மாப்ளே. தட்டுக்கு மேல தொண்டைய உட்டுப் பாடினேன். என்ற சத்தம் பெருசா இருந்தா மிஷின் என்னுதத்தானே புடிக்கும்னு நெனச்சுட்டேன்” என்றார்.

கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இருபது வருஷம் பாடியவர். வேறு எப்படித்தான் நினைப்பார்? அந்த இடத்தில் மைக்கே திறந்திருக்காது என்பது எனக்குத் தெரியும். அந்தக் காட்சியை எடுத்த நாலு நாளும், தொண்டை கட்டும் வரைக்கும், ஒன்றுக்குமே ஆகாமல் பாடியிருக்கிறார். அவ்வளவு பேர் சுற்றி நின்றும் ஒருத்தன் எடுத்துச் சொல்லவில்லை. ஊருக்குள் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எந்த மேடைக்குப் போனாலும் அந்தச் சினிமாப் பாட்டைத்தான் கேட்டார்கள். அவர் பாடுவார். ஜனங்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். அவரை யாரும் குறை சொல்லவில்லை, பாவம் தொண்டை கட்டியிருக்கிறது என்பார்கள், இல்லாவிட்டால் செட்டு மட்டம் என்பார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வெற்றிலை பாக்கு கொண்டுவருகிறவர்கள் குறைந்தார்கள். ராஜபார்ட் வேஷத்துக்குத் திருப்பூரிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் வேறு ஆட்கள் வந்தார்கள். மச்சான் பகலில் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்.

அந்த வருஷக் கோயில் நோன்பிக்கு, தேர் நிலைக்கு வந்ததும் சினிமாவில் நடித்த நம் ஊர்க்காரருக்கு மேடையில் மாலை போட வேண்டும், அவர் அந்தப் பரதேசி வேஷத்திலேயே அந்த ஒரு பாட்டைப் பாட வேண்டும் என்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். வீட்டுக்கு வந்த பெரியவர்கள் பொள்ளாச்சியில் வாங்கின தட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். நடுவில் ஒட்டியிருந்த சீட்டில் பாடினவர் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. படத்தின் பெயரைத் தாண்டி யாரும் படிக்கவில்லை.

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நீங்க பாடினதுதானே தட்டுல இருக்குது. நீங்க நின்னு நடிச்சாப் போதுமுங்க” என்றார் கமிட்டித் தலைவர். அத்தனை பிரியத்தோடு சொன்னார். மச்சான் தலையை ஆட்டிவிட்டார்.

அவர்கள் படி இறங்கிய பிறகு என்னிடம் சொன்னார். “நம்மூரு மேடைல அந்தப் பாட்ட ஒருக்காவாச்சும் என்ற தொண்டைல பாடோணும் மாப்ளே. அப்பறம் எவனும் கூப்புடாட்டியும் போகுது.” அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். கமிட்டிக்காரர்களிடம் அதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. மச்சான் ஊமையைப் போல வாயசைத்துக்கொண்டு நிற்பதைத் தன்னால் பார்க்க முடியாது, செட்டு உன் கையில்தானே இருக்கிறது, ஏதாவது செய் என்று அக்காள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

நானும் செய்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தேன், மடத்தனம். தேர் நிலைக்கு வந்தது, மாலை போட்டார்கள், தட்டை ஓடவிட்டேன். மச்சான் கையில் திருவோட்டோடு வாயசைத்தார். பாட்டில் இரண்டு அடி போனதும் ஊசியைத் தூக்கிவிட்டு மைக்கை முழுக்கத் திறந்தேன்.

ஒரு கணம் திகைத்தார். பிறகு அதே சுருதியில், விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். அவர் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. என் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் இரண்டு வரி கூடப் போகவில்லை, கூட்டத்தில் இரைச்சல் கிளம்பியது. செட்டு கெட்டுப்போய்விட்டது என்று கத்தினார்கள். மிஷினைப் பார் என்று என்னை நோக்கித் துண்டை வீசினார்கள். முன்வரிசைக்காரர்கள் மச்சானிடம் கையமர்த்தி, பொறுங்கள், சரியாகட்டும், வீணாகத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார்கள். யாரோ சோடா உடைத்து நீட்டினார்கள். ஒருவர் முகத்திலும் கேலி இல்லை. எல்லாம் அவர் மேல் இருந்த பிரியம்.

மேடையில் நின்ற மைக் என்னுடையது. ஊரில் இருந்த ஒரே மைக். அதில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இவ்வளவு நாள் அவர் கும்பிட்டுச் சிரித்ததெல்லாம் மோசடி என்றாகிவிடும். கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மச்சான் பாட்டை நிறுத்தினார். சோடாவை வாங்கி ஒரு வாய் குடித்தார். ஊசியை வை என்று கையால் காட்டினார். வைத்தேன். வாயசைத்தார். ஒரு எழுத்துப் பிசகாமல் அசைத்தார்.

தட்டு முடிந்ததும் கூட்டம் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டது. கேட்டால் மறுக்காமல் பாடுவது நாடகக்காரர்களின் வழக்கம். மச்சான் எல்லாரையும் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். மைக்கை அடைக்க நான் மறந்திருந்தேன்.

“போடு மாப்ளே” என்றார்.

அந்த இரண்டு வார்த்தையும் அவருடைய சொந்தக் குரலில் குழாய் வழியாக ஊர் முழுக்கக் கேட்டது. நான் போட்டேன்.