வெச்சாச்சு

லாண்டரி வேன் ஓட்டுகிறவரைத் தெருவில் எல்லாரும் கட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒன்றும் குட்டையில்லை. எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். வண்டியில் கிடந்த மரக்கட்டையால் வந்த பெயர் அது. அந்தக் கட்டையைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் பெண்டாட்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

வேனை வாங்கும்போதே அது இன்னொருவன் ஓட்டிச் சலித்த வண்டி. கால் பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஹேண்ட்பிரேக் பேருக்கு இருந்தது. இவர்கள் வீடோ ஏற்றத்தின் நடுவில். துணி கொடுக்க வேண்டிய லாட்ஜும் மேட்டில். கியரில் போட்டு நிறுத்தினாலும், மூட்டை ஏறிய வண்டி உட்கார்ந்தபடி தூங்குகிறவன் தலை மாதிரி மெல்ல மெல்லச் சரியும். முதல் வாரமே லாட்ஜ் வாசலில் வண்டி பின்னால் நகர, பக்கத்து சீட்டிலிருந்த பெண்டாட்டி குதித்து, கைக்கு அகப்பட்ட மூட்டையைச் சக்கரத்தடியில் திணித்துவிட்டாள். வெளுத்த விரிப்பில் டயர் தடம் அச்சுக் குத்தினாற்போல விழுந்தது.

"வண்டி நின்னுச்சா இல்லையா?" என்றாள்.

"நின்னுச்சு. நாளைக்கு லாட்ஜ் முதலாளி என்னை நிக்க வெச்சுக் கேப்பாரே, அதுக்கு என்ன சொல்ல?"

மறுநாள் தச்சுப் பட்டறையில் கதவு நிலை அறுத்த மிச்சத்தில் ஒரு கட்டையை, ஒரு பக்கம் சரிவாகச் சீவி வாங்கி வந்தாள். தூக்கக் கயிறும் கட்டினாள். அன்றிலிருந்து அதுதான் நடைமுறை. அவர் பெடலை மிதித்தபடி இருப்பார். அவள் குதித்து, கட்டையைச் சொருகி, "வெச்சாச்சு!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அது காதில் விழுந்தால்தான் அவர் கால் எழும்பும். இரண்டு பேருக்கும் சண்டை வந்து, வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோன நாட்களிலும் அந்த ஒரு சொல் நின்றதில்லை. சில நாள் அதைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அவர் சிரித்துவிடுவார். சண்டை அதோடு சரி.

ஹேண்ட்பிரேக்கைச் சரிபண்ணக் கூடாதா என்று யாராவது கேட்டால், "எனக்குத்தான் கூடவே ஒரு ஹேண்ட்பிரேக் வருதே!" என்பார்.

"ஆமா, நான் இல்லாட்டி இவரு எங்க போய் முட்டிக்கிட்டு நிப்பாரோ" என்பாள் அவள்.

போன மழைக்காலத்தில் அவளுடைய இடது முழங்கால் காலை வாரியது. வண்டியில் உட்கார்ந்து போகலாம், குதிக்கிற வேலை மட்டும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குதிக்காவிட்டால் வண்டி நிற்காது. அதனால் வீட்டோடு இருந்துவிட்டாள். அவர் கீழே சமதரையில் வண்டியை விட்டு, மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு மேடேறினார். முதுகு வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பக்கத்து சீட்டைப் பார்த்துப் பேச வாயெடுத்து, மூடிக்கொள்வதுதான் பொறுக்கவில்லை. அவளை எப்படியாவது மறுபடி வண்டியேற்ற வேண்டும். அதற்கு வண்டி தானாக நிற்க வேண்டும்.

மெக்கானிக்கான மச்சினனைக் கூப்பிட்டார்.

"இத்தனை வருஷம் அக்காவைக் குதிக்க விட்டுட்டு, இப்பதான் ஞானம் பொறந்துச்சா மாமா?" என்றபடி அவன் பின்சக்கரங்களைக் கழற்றினான். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டைக் கவ்விப் பிடிக்கிற, துருவேறி இறுகிப்போன காலிப்பர் இரண்டையும் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டினான். அதற்குள் நடுரோட்டில் நின்றுபோன வேறொரு வண்டிக்காக அவனைக் கூப்பிட ஆள் வந்துவிட்டது. "ஹேண்ட்பிரேக்ல மட்டும் கை வெச்சுடாதீங்க. காலையில வந்து நான் செட் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

காலையில் மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் வானம் பார்க்க எழுந்து வந்தது. கேபிள் தொளதொளவென்று கிடக்கிறது, அவ்வளவுதானே என்று ஸ்பேனரை எடுத்து நட்டை முறுக்கோ முறுக்கென்று முறுக்கினார். இரண்டே 'டிக்'கில் இறுகியது. தெருவெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து வாசல் மேட்டில் நிறுத்தினார். நின்றது!

"ஏய், வந்து பாரு! கட்டை இல்லாமலே நிக்குது!"

ஊன்றுகோலோடு வந்தவள் மூக்கைச் சுருக்கினாள். "என்னங்க, ஏதோ கருகுற வாசனை வருது?"

"புதுச் சாமான்னா அப்படித்தான். டீ இருக்கா?"

பாதி டீயில் வெளியே 'டொக்'கென்று சத்தம். டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார். வண்டி ஒரு சாண் பின்னால் வந்து நின்றிருந்தது. சக்கரத்தடியில் கட்டை.

"யார் வெச்சது?"

"நான்தான். குனியல, கோலாலயே தள்ளிவிட்டேன். உங்க வேலை லட்சணம் எனக்குத் தெரியாதா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நீ வர முடியாதுடி" என்றார். அவள் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சினன் வந்து கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "நீங்க நட்டை முறுக்கின முறுக்குல, பிரேக் பிடிச்ச பிடியிலயே தெருவைச் சுத்தியிருக்கீங்க மாமா. சூட்டுல டிஸ்க் உப்பி, கெட்டியா பிடிச்சுது. ஆறினதும் சுருங்கி விட்டுடுச்சு. கடைசியில செய்ய வேண்டியதை முதல்ல செஞ்சிருக்கீங்க."

வண்டியைச் சமதரைக்கு இறக்கி, நட்டை முழுக்கத் தளர்த்தினான். காலிப்பரின் முதுகில் கேபிள் இழுக்கிற சின்னக் கை தன் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று படுத்துப் பார்த்தான். இனிக் கால் பிரேக்கை மிதித்து மிதித்து, காலிப்பருக்குள் கவ்வுகிற பேடுகளை டிஸ்க் பக்கம் வரவைக்க வேண்டும்.

"அக்கா, நீ ஏறி மிதி. இவரு கை, காலு எதையும் நம்ப முடியாது."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, நல்ல காலால் மிதித்தாள். "அடேயப்பா, இங்க உக்காந்தா யாரு வேணாலும் அதிகாரம் பண்ணலாம் போல!"

அதற்குப் பிறகுதான் அவன் கேபிளின் தொய்வை எடுத்தான். அந்தச் சின்னக் கை அசையப் போகிற இடத்துக்கு முன்பே நிறுத்திக்கொண்டான். இழுத்தால் நாலைந்து 'டிக்'கில் இறுகியது. விட்டால், ஜாக்கியில் தூக்கிய சக்கரம் சுகமாகச் சுற்றியது.

அன்றைக்கே மூட்டைகளோடு இரண்டு பேரும் கிளம்பினார்கள். கட்டை அவள் மடியில் இருந்தது. லாட்ஜ் மேட்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இஞ்சினை அணைத்தார்.

"காலை எடுங்க" என்றாள்.

அவருக்கும் எடுக்கத்தான் ஆசை. கால் வரவில்லை. கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அவள் அவரைப் பார்த்தாள். பெடலைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"வெச்சாச்சு!"

கால் தானாக எழும்பியது. வண்டி அசையவில்லை.